எண்ணூர் குப்பங்களில் நேர்காணல்: வேலிடிட்டியை எப்படி உறுதிசெய்வது?

முகத்துவாரம் (கேள்வி):
2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பங்களில் பெண்களின் பிழைப்பு எப்படி மாறியது என்பது தலைப்பு. 20 நேர்காணல், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று திட்டம். முன்னோட்டமாக எடுத்த மூன்றிலும் பதில் அச்சடித்த மாதிரி இருக்கிறது: "தொழிலே போச்சு, ஒண்ணும் கெடைக்கல." ஆய்வை மதிப்பிடும் குழுவில் வேலிடிட்டிக்கு (நான் கண்டது நிஜ நிலையைத்தான் காட்டுகிறது என்பதற்கு) என்ன ஆதாரம், க்ரான்பாக் ஆல்பா எவ்வளவு என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நெய்தல்நோட்டு:
ஆல்பாவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரே விஷயத்தை அளக்கும் பல கேள்விகளுக்கு எண்ணில் பதில் வரும்போது, அவை தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கானது அது. அதுவும் ரிலையபிலிட்டிதான் (அளவு சீராக வருகிறதா என்பது), வேலிடிட்டி அல்ல. உங்களுடையது மாதிரி எண்ணை விட்டுப் பேச்சை வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வுக்கு, லிங்கன், கூபா என்ற ஆய்வுமுறை அறிஞர்கள் 1985ல் வைத்த நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன, கிரெடிபிலிட்டியில் (முடிவு நம்பத்தக்கதா என்பது) தொடங்கி. குழுவுக்கு அதைச் சொன்னால் போதும்.

உங்கள் நிஜப் பிரச்சினை வேறு. கையில் பேடும் பேனாவுமாகப் போய் நின்றால் நிவாரணக் கணக்கெடுப்பு என்றுதான் நினைப்பார்கள். "ஒண்ணும் கெடைக்கல" என்பது பொய் இல்லை. கணக்கெடுப்புக்குச் சொல்ல வேண்டிய பதில். அதனால் பெயர், ரேஷன் கார்டு எதையும் கேட்காதீர்கள். கையெழுத்துக்குப் பதில் சம்மதத்தை வாய்மொழியாகவே பதிவின் தொடக்கத்தில் வாங்குங்கள், உங்கள் எத்திக்ஸ் குழு ஒத்துக்கொண்டால். இதனால் பணமோ பட்டியலில் பெயரோ வராது என்பதை ஆரம்பத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை சொல்லுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "நான் யாருன்னு பக்கத்து வீட்ல கேட்டா என்னக்கா சொல்வீங்க?" வருகிற பதிலை அந்தப் பேட்டியின் எழுத்துப்படியில் (ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே எழுதியது) முதல் வரியாகப் போடுங்கள். "லோன் ஆபீஸ் பொண்ணு" என்று வந்தால் அந்தப் பேட்டியில் கடன் பற்றிய பகுதியை அப்படியே நம்ப முடியாது.

"எவ்ளோ பாதிப்பு?" என்று கேட்பதே பதிலை வாயில் ஊட்டுவது. "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா" என்று தொடங்குங்கள்.

ஊர் நிர்வாகத்திடம் சொல்லாமல் உள்ளே போக வேண்டாம். ஆனால் ஆட்களை அவர்கள் கூட்டிவர விடாதீர்கள். டிவிக்குப் பேசிப் பழகியவர்களே வருவார்கள். மார்க்கெட், ஆற்றங்கரை, சுய உதவிக் குழு என்று மூன்று வழியில் நுழைந்து, ஒருவர் கைகாட்டும் ஆட்களில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

பக்கிங்காம்_கரை:
ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். அங்கே எண்ணெய் வந்தது ஒருமுறை அல்ல. 2017 ஜனவரி 28ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கடலில் கொட்டியது. ஆட்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023ல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்தது. "எண்ணெய் வந்தப்போ" என்று மட்டும் கேட்டால் இரண்டும் கலந்துபோய் வரும். வருடத்தையும் கேட்காதீர்கள். "மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்சதும் வந்ததா, புயல் வெள்ளத்தோட வந்ததா?" என்று கேட்டால் பிரிந்துவிடும்.

அதே மாதிரி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்கிற பெண்ணுக்கு அப்போது சரக்கே குறைவு. அந்த நஷ்டத்தை எண்ணெய் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பேட்டித் தேதி கட்டாயம்.

ஹெட்போன்:
எழுத்துப்படியில்தான் பாதி வேலிடிட்டி போகும். "ஆறு மாசமா பாடு இல்ல" என்று ஒருவர் சொல்கிறார். வெளியாள் இதைத் தட்டச்சு செய்தால் "கஷ்டம் இல்லை" என்று எடுத்துக்கொள்வார். அவர் சொன்னது மீன்பாடு இல்லை என்று. அர்த்தம் நேர் எதிர். பழவேற்காட்டுப் பக்கம் போனால் அதே "பாடு" யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்ற முறையையும் குறிக்கும். இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டுக் கோடிங் (பேச்சுத் துண்டுகளுக்குக் கருத்துப் பெயர் வைப்பது) செய்யாதீர்கள். தமிழிலேயே கோடிங் செய்து, மேற்கோளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

ஒரு மணி நேர ஒலிக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் கால் வந்ததும் பதிவு நின்றுபோகும். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டோரம் உட்காராதீர்கள்.

முகத்துவாரம்:
நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அப்புறம், 20 போதுமா?

நெய்தல்நோட்டு:
அவரை எழுப்ப முயன்றால் பேட்டியே போச்சு. கூட ஒருவரை அழைத்துப்போய் அவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள், அல்லது அந்தம்மா இறால் உரிக்கிற நேரத்தில் போங்கள். யார் எந்த நிமிடத்தில் வந்தார், போனார் என்று ஓரத்தில் குறியுங்கள்.

எண்ணிக்கைக்கு 2006ல் வந்த ஒரு ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள்: கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்ததில் முதல் 12லேயே புதுக் கருத்து வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், குறுகலான கேள்வி. உங்களிடம் ஃபைபர் படகு வைத்திருக்கிற வீட்டார், ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள், தலைச்சுமையில் விற்பவர்கள் என்று மூன்று கூட்டம். ஒவ்வொன்றிலும் தனியாகப் பாருங்கள். "எனக்கு ஒண்ணும் ஆகல" என்கிற ஆளையும் தேடிப் பிடியுங்கள்.

ஹெட்போன்:
இதோடு, எழுத்துப்படியை அவர்களிடமே காட்டிச் சரிபார்க்கச் சொல்லிப் பாடங்களில் இருக்கும். 15 பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

பக்கிங்காம்_கரை:
படிக்கத் தர வேண்டாம். ஆனால் சரிபார்ப்பதையே விட்டுவிடுவது தப்பு. ஐந்தாறு வாக்கியமாக வாயால் சொல்லுங்கள். "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஆமாம்மா" என்றுதான் வரும். "இதுல எது தப்பு?" என்று கேளுங்கள். இன்னும் நல்லது, இரண்டு விளக்கத்தை முன்னால் வைப்பது: "மீன் குறைஞ்சதால வித்தது குறைஞ்சுதா, மீன் இருந்தும் எண்ணெய் மீன்னு வாங்க வரலையா?" அங்கேதான் திருத்துவார்கள். திருத்தியதைப் பழைய வரியை அழிக்காமல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். குழு ஆதாரம் கேட்டால் அந்த நோட்டைக் காட்டலாம்.