எலும்பில் முதல் படிகம் எங்கே தோன்றுகிறது?

கேள்வி: கால்சியமும் பாஸ்பேட்டும் உடல் திரவமெங்கும் இருக்கையில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகட்டின் குருத்தெலும்பில் தாது படியத் தொடங்குவது எவ்வாறு?

பதில் 1: குருத்தெலும்புச் செல்களின் சவ்விலிருந்து மொட்டுப்போல் பிரியும், ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகளை 1967இல் ஆண்டர்சனும் பொனுச்சியும் தனித்தனியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தனர். அனெக்சின் புரதங்களும் சவ்வுக் கொழுப்புகளும் கால்சியத்தைப் பிடித்துவைக்க, உள்ளிருக்கும் பாஸ்போ1 நொதி பாஸ்பேட்டை விடுவிக்கிறது. இரண்டும் செறிந்ததும் படிகம் உருவாகிறது.

கேட்டவர்: அது பையைவிட்டு வெளியேறிய பின்?

பதில் 2: மிக நுட்பமான கட்டம் அதுவே என்பது என் கருத்து. வெளியே, இரு பாஸ்பேட்டுகள் இணைந்த பைரோபாஸ்பேட் என்னும் சேர்மம் படிக வளர்ச்சியைத் தடுக்கிறது. சவ்வின் வெளிப்புறத்திலுள்ள ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி அதைச் சிதைத்தால்தான் தாது, சுற்றியுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளுக்குப் பரவும். இந்நொதி குறைந்த ஹைப்போபாஸ்படேசியா நோயில், நுண்பைகளுக்குள் படிகங்கள் இருந்தும் எலும்பு சரிவர இறுகுவதில்லை.

பதில் 3: கொலாஜன் இழைகளுக்குள்ளேயே தாது நேரடியாகத் தோன்றும் வழியும் உண்டு, ஆகவே எல்லா எலும்புக்கும் நுண்பைகளை மட்டுமே காரணமாக்கக் கூடாது.