ஃபோர்ஷேடோயிங் – ‘முன்கோடி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

சிறுகதைக் கூறுகளுக்கான தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் பாத்திரம், களம், நோக்குநிலை, உச்சம் எல்லாம் பெரிய சண்டை இல்லாமல் முடிந்துவிட்டன. உவமை, உருவகம் வகையறாவுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பார்த்துக்கொள்கிறது. பின்னால் வரப்போவதை முன்பே சாடையாகக் காட்டிவைக்கும் உத்தியான ஃபோர்ஷேடோயிங்கில்தான் இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் ஒரு கதையில் பார்த்துவிடலாம். மாப்பசான் 1884-இல் எழுதிய நெக்லஸ் கதை பலரும் படித்திருப்பீர்கள். மத்தில்த் ஒரு விருந்துக்குப் போவதற்காகத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள், தொலைத்துவிடுகிறாள். 36,000 ஃபிராங்க் கொடுத்து அதேபோல் ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளும் கணவனும் பத்து வருடம் கடனை அடைக்கிறார்கள். கடைசியில் தோழி சொல்கிறாள்: அது போலி நகை, மிஞ்சிப்போனால் 500 ஃபிராங்க் பெறும்.

முடிவு தெரிந்தபின் திரும்பப் படித்தால் மூன்று இடங்கள் கண்ணில் படும். இரவல் கேட்டதும் தோழி துளிகூட யோசிக்காமல் சரி என்கிறாள். நகை தொலைந்தபின், பெட்டியில் பெயர் பொறித்திருந்த கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நெக்லஸ் தான் விற்றதில்லை, பெட்டி மட்டும்தான் தன்னுடையது என்கிறார். புது நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கடைக்காரர் சொன்னதைக் கவனியுங்கள். வைரம் ஒரு கடை, பெட்டி ஒரு கடை என்றால் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதல் வாசிப்பில் அது அலைச்சலில் வந்த இன்னொரு ஏமாற்றம், அவ்வளவுதான். மாப்பசான் எதையும் ஒளிக்கவில்லை, சொல்லவும் இல்லை.

இந்த வேலைக்குத்தான் சொல் வேண்டும். இது வாசகருக்கும் கதாசிரியருக்கும் நடுவே நடக்கிற விஷயம், பாத்திரத்துக்கு இதில் பங்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

> ‘முன்னறிவிப்பு’ போதுமே ஐயா, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் அறிவித்துவிடுகிறதே! ‘அவளைப் பார்ப்பது அதுவே கடைசி என்று அப்போது அவனுக்குத் தெரியாது’ – தொடர்கதைகளில் எத்தனையோ முறை படித்த வாக்கியம். அதற்கு முன்னறிவிப்பு என்று பெயர் வைத்தால் கச்சிதமாக இருக்கும். வேண்டுமானால் பட்டியலில் தனிப் பதிவாகவே சேர்த்துவிடலாம்.

> ‘முன்நிழல்’ அல்லது ‘முன்நிழலிடல்’?

வேண்டாம். தமிழில் நிழல் என்றால் இளைப்பாறும் இடம். அரசனின் குடைநிழல் என்றுதான் நம் மனம் போகும். வரப்போகும் கேட்டைக் காட்ட அந்தச் சொல் நமக்கு உதவாது.

> நம்மிடம் ஏற்கெனவே ‘நிமித்தம்’, ‘விரிச்சி’ இருக்கும்போது புதிதாக எதற்கு?

இதுதான் வலுவான கேள்வி. நிமித்தம் என்றால் சகுனம்; விரிச்சி என்றால் தற்செயலாகக் காதில் விழும் சொல்லைச் சகுனமாக எடுத்துக்கொள்வது. விரிச்சி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, ஆநிரை கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணையில் ‘பாக்கத்து விரிச்சி’. முல்லைப்பாட்டில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது, காதில் விழும் சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். பசியில் சுற்றும் கன்றிடம் ஓர் இடையர் மகள் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அவள் சொன்னது பசுக்களைப் பற்றி. இவர்கள் எடுத்துக்கொள்வது தலைவனைப் பற்றி. அருமையான இடம். ஆனால் குறியைத் தேடிப் போவதும் கேட்பதும் பொருள் சொல்வதும் பாத்திரங்கள்தான். கதைக்குள் இருப்பவர்களுக்கு அது தெரிந்த குறி.

நிமித்தத்துக்கும் இதே சிக்கல். ‘பணி நிமித்தம் வெளியூர் சென்றார்’ என்கிற இன்றைய வழக்கு வேறு குழப்பும்.

ஆனால் பாத்திரம் அறியும் குறி, வாசகர் மட்டும் அறியும் குறி இரண்டையும் இளங்கோ பிரித்தே காட்டுகிறார். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு ஆய்ச்சியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது திமில் பருத்த ஏறு ஒன்று எதிரே வருகிறது.

‘இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்
தன்குலம் அறியும் தகுதியன் றாதலின்’

ஏறு எதிர்ப்பட்டால் கெட்ட சகுனம் என்பது ஆயர்களின் நம்பிக்கை. கோவலன் வணிகன், அவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அவன் பாட்டுக்கு நடந்து போய்விடுகிறான். குறி முழுக்க முழுக்க நமக்கு மட்டும் வந்து சேர்கிறது. சகுனம் என்பது பாத்திரத்துக்கு, நாம் பெயர் தேடுவது வாசகனுக்கு என்ற வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது என்று நினைக்கிறேன். வகுப்பில் சொல்ல இரண்டே அடி போதும்.

> மதுரைக் கொடி ‘வாரல்’ என்று கை காட்டுவது தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளியிலேயே படித்துவிட்டோமே, அதுதானே இது?

இந்த மடலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, கேட்டவர் மேல் அல்ல, நம் பாடமுறை மேல். மதுரை மதிலில் காற்றில் இயல்பாக அசையும் கொடி, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து வராதே என்று கை காட்டுவதுபோல் இருந்தது என்கிறார் இளங்கோ. தேர்வில் ‘தற்குறிப்பேற்ற அணி’ என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்த அடி காவியத்தில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அணியின் பெயர் அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். அது கதையின் எந்த இடத்தில் நிற்கிறது, அங்கிருந்து எதை நோக்குகிறது என்பதைச் சொல்லாது. மாப்பசானின் கடைக்காரர் பேச்சில் அணியே கிடையாது, வெறும் தகவல். ஆனாலும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஷெர்லி ஜாக்சனின் லாட்டரி கதையில் (1948) தொடக்கத்திலேயே பையன்கள் வழவழப்பான கற்களாகப் பொறுக்கிப் பையில் திணித்துக்கொள்கிறார்களே, அதிலும் உவமை, உருவகம் எதுவும் இல்லை. விடுமுறை விளையாட்டு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். கல் எதற்கு என்பது, சீட்டு விழுந்தவரை ஊரே கல்லால் அடிக்கும்போது, கடைசியில்தான் தெரிகிறது. ஆகவே அணிப் பெயர் எதுவும் இதற்கு ஒத்துவராது.

உள்ளுறையைச் சொன்ன அக்காவுக்கும் இதே பதில்தான். உள்ளுறை அந்த நேரத்து நிலைமையை இன்னொன்றின் வழியே சொல்வது. பின்னால் வரப்போவதை அது சுட்டியாக வேண்டும் என்பதில்லை.

> ‘வித்திடல்’. சினிமாவில் ‘லீட்’ என்பார்கள், அதற்கும் பொருந்தும்.

மனம் சாய்ந்தது இதற்குத்தான். மரபும் இருக்கிறது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் கட்டங்களை, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று உழவு வைத்தே விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பதில் தொடங்கி, அறுத்துப் போரடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பதில் முடிகிறது. ஆனால் வித்திலிருந்துதான் விளைவு வருகிறது. செய்தித்தாளிலும் ‘போருக்கு வித்திட்டது’ என்றால் போருக்குக் காரணமானது என்றுதான் பொருள். பெட்டி வேறு கடையில் வாங்கியதால் நெக்லஸ் போலியாகிவிடவில்லை. ஏறு எதிர்ப்பட்டதால் கோவலன் சாகவில்லை. காரணத்துக்கு வித்து என்றும் குறிப்புக்கு வேறு சொல் என்றும் பிரித்துக்கொள்வது நல்லது.

சரி, என் பரிந்துரை. நாம் தினமும் புழங்கும் ‘கோடிகாட்டுவது’. ‘வெளிப்படையாகச் சொல்லவில்லை, கோடிகாட்டினார்’ என்கிறோம் இல்லையா? தெருக்கோடியில் வரும் அதே கோடி என்று எடுத்துக்கொண்டால், ஓரத்தை மட்டும் காட்டுவது. செயலுக்குக் கோடிகாட்டல், கதையில் அப்படிக் காட்டும் இடத்துக்கு முன்கோடி. வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்:

‘ஜாக்சன் கதையின் முடிவைத் தொடக்கத்திலேயே கோடிகாட்டிவிடுகிறார்.’
‘கடைக்காரர் பேச்சு இக்கதையின் இரண்டாவது முன்கோடி.’

முதல் வாக்கியத்தைக் கலைச்சொல் என்றே தெரியாமல் ஒருவர் படித்துவிட்டுப் போவார். வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பிவிடும் குறிப்புக்குப் ‘பொய்க்கோடி’ என்று வைத்துக்கொள்ளலாம், துப்பறியும் கதைகளுக்கு உதவும்.

கருத்துச் சொல்லுங்கள்.

---

ஐயா, வணக்கம். ‘கோடிகாட்டல்’ வழிமொழிகிறேன். ‘முன்கோடி’தான் இடறுகிறது. பலகையில் எழுதினால் எத்தனை கோடி சார் என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும், அதைச் சமாளித்துவிடலாம். எங்கள் பக்கம் கோடி என்றால் இழவு வீட்டுக்கு எடுத்துப்போகும் புதுத்துணி. ‘முற்குறி’ என்று வைத்தால் என்ன? ‘முன்குறித்தல்’ விவிலியத்தில் இருக்கிறது, மாணவர்கள் சிலருக்கு அறிமுகமான சொல்லும்கூட.

---

அக்கா, அந்த விவிலிய வழக்குத்தான் எனக்குத் தயக்கம். ரோமர் நிருபத்தில் வரும் முன்குறித்தல், கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது. அது விதி, இங்கே நமக்கு வேண்டியது சாடை. முற்குறி என்றால் குறியீட்டோடும் குழம்பும். சிம்பலுக்கு அதைத்தானே வைத்திருக்கிறோம்? இழவுத்துணி விஷயம் எனக்குத் தோன்றவில்லை, அது சரியான தடைதான். ‘கோடிக்குறிப்பு’ என்று நீட்டினால் துணியும் போய்விடும், பணமும் போய்விடும், ஆனால் நாவில் அவ்வளவு எளிதாக வரவில்லை.

இப்போதைக்குப் பட்டியலில் வினையைக் ‘கோடிகாட்டல்’ என்று உறுதி செய்துவிட்டு, பெயருக்கு முன்கோடி, கோடிக்குறிப்பு இரண்டையும் நட்சத்திரக் குறியோடு போட்டுவைக்கிறேன். ஆசிரியர்கள் யாராவது வரும் பருவத்தில் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பொய் சொல்லும் கதைசொல்லிக்கு வந்திருக்கும் ‘நம்பத்தகாத எடுத்துரைப்பாளர்’ பற்றிப் புது இழை தொடங்குகிறேன், அதை இங்கே கலக்க வேண்டாம்.