அரளி அந்துப்பூச்சி: பார்த்தவர்கள் பகிருங்கள்

எங்கள் வீட்டு நந்தியாவட்டையின் அடியில் பெருக்கி முடிப்பதற்குள் மிளகு மிளகாக எச்சம் விழுந்துகிடக்கும். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரிகள். அண்ணாந்து கால்மணி நேரம் தேடிய பிறகே இந்தப் பூச்சியின் புழு கண்ணில் பட்டது. விரல் தடிமன், இலையின் அதே பச்சை, விலாவில் வெண்புள்ளிகள், வாலில் குட்டையான மஞ்சள் கொம்பு. கிளையைத் தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிடரி உப்பி, நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள் விழித்தன. வெறும் புள்ளிகள்தான் என்று தெரிந்தும் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா மருந்தடிக்கச் சொன்னார். இலை மறுபடியும் துளிர்க்கும் என்று கெஞ்சித் தடுத்தேன். இரண்டு நாளில் புழு பழுப்பேறிக் கீழே இறங்கியது. சருகு பரப்பிய வாளியில் விட்டு, வாய்க்குக் கொசுவலை கட்டினேன். சருகுகளை நூலால் இழுத்துச் சேர்த்து அதற்குள் கூட்டுப்புழுவானது.

இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு வெளியே வந்தது. வலையில் தொங்கியபடி, கசங்கிய இறக்கைகளை மெல்ல விரித்தது. கரும்பச்சை, இளம்பச்சை, நடுவே ரோஜா நிறச் சாயல். பாசி படிந்த பளிங்கு போல இருந்தது. விரித்தால் சுமார் 10 செ.மீ. அகலம். பறப்பதற்கு முன் சில நிமிடங்கள் இறக்கைகள் விடாமல் நடுங்கின, தசைகளுக்குச் சூடேற்றிக்கொள்கிறது. பிறகு ஒரே பாய்ச்சல்.

டாப்னிஸ் நெரியை என்பது இதன் அறிவியல் பெயர். இதில் ‘நெரியை’ என்ற பகுதி, அரளியின் பேரினப் பெயரான நெரியத்தை ஒட்டி, 1758-இல் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் சூட்டியது. ஆடு மாடு தொடாத அரளியையும் தின்று இது வளர்கிறது! ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று பரவியிருக்கிறது. கோடையில் ஐரோப்பாவுக்குள் வலசை போய்ச் சில பிரிட்டன் வரைகூடச் சென்றுவிடும். அங்கே குளிர்காலத்தைத் தாங்காது.

---

அக்கா, எங்கள் நித்தியகல்யாணித் தொட்டியிலும் ஒரு பச்சைப் புழு இருந்தது. ஆனால் சிறியது, கொம்பு நீளமாகக் கறுத்திருந்தது. வேறு இனமோ?

---

தம்பி, இளம் புழுவுக்குக் கொம்பு அப்படித்தான் இருக்கும். வளர வளரக் குறுகி மஞ்சளாகும். தொட்டிக்கு அடியில் சருகு கிடந்தால் கூட்டிவிடாதீர்கள், உள்ளே கூடு இருக்கலாம்.

---

நான் பூச்சியாகவே பார்த்திருக்கிறேன். மாலை மங்கிய நேரம், மல்லிகைப் பந்தல். பூவில் அமராமல் தேன்சிட்டு போல அந்தரத்தில் நின்று, நீண்ட உறிஞ்சுகுழலை மட்டும் உள்ளே விட்டது. அதன் இறக்கைக் காற்றில் பக்கத்துப் பூக்கள் அசைந்துகொண்டிருந்தன.