ஆய்வுச் சங்கத்துக்கு எழுதிவைத்த திட்டம் தேவையா?

கேள்வி: காரைக்குடிச் செயலாளர்

அன்புடையீர், வணக்கம். உள்ளூர் வரலாற்றுக்கும் கல்வெட்டுக்கும் எனப் பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் இருநூறுக்குச் சற்று மேல். பெரும்பாலோர் ஆயுள் உறுப்பினர்கள். மாதம் ஒரு சொற்பொழிவு, ஆண்டுக்கு இரண்டு இதழ், தை மாதத்தில் ஒரு கருத்தரங்கு என்பது எங்கள் நடைமுறை. சென்ற செயற்குழுவில், வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய உறுப்பினர் ஒருவர், சங்கத்துக்கு முறையான ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை வேண்டும் என்றார். மூத்தவர் ஒருவரோ, "நோக்கங்கள் துணைவிதியிலேயே இருக்கின்றன; அதற்கு மேல் எழுதுவது அலமாரிக்குத்தான் சுமை" என்று மறுத்துவிட்டார். இதற்கிடையே, ஒரு குடும்பத்தார் தங்கள் வளவு வீட்டில் (முற்றம் வைத்துக் கட்டிய பழைய செட்டிநாட்டு வீட்டில்) இருக்கும் பழைய பேரேடுகளையும் ஓலைகளையும் சங்கத்துக்குத் தர முன்வந்துள்ளார்கள். வாங்கிக்கொள்வதா என்பதை மூன்று கூட்டங்கள் கூடியும் எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பள்ளத்தூர்த் தமிழாசிரியர் (ஓய்வு)

செயலாளர் அவர்களுக்கு, உங்கள் மூத்த உறுப்பினர் பக்கமே நான் நிற்கிறேன். சா. கணேசன் அவர்கள் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் விழாவைக் காரைக்குடியில் நடத்தி, அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு செய்வது என்ற ஒழுங்கு அவர் காலத்துக்குப் பிறகும் நிலைத்திருக்கிறது. அங்கே நாள்காட்டியே திட்டமாக அமைந்துவிட்டது. நம் நகரத்தார் கோயில்களிலும் புள்ளிக்கு, அதாவது மணமான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரியும், முறை வைத்துக் காரியக்காரரும் என்ற ஏற்பாட்டில்தானே காரியங்கள் நடந்து வந்திருக்கின்றன? செய்கிறவர்கள் இருந்தால் தாள் தேவைப்படாது. அவர்கள் இல்லாவிட்டால் தாளால் பயனில்லை.

பதில் 2: தேவகோட்டைத் தணிக்கையாளர்

ஆசிரியர் ஐயா சொன்னது விழா நடத்தும் அமைப்புக்கு முழுவதும் பொருந்தும். நாள் குறித்துவிட்டால் வேலை தானே வந்து சேரும். ஆவணங்களைச் சேர்க்கிற, இதழ் வெளியிடுகிற சங்கத்துக்கு அப்படி ஒரு நாள் இல்லை என்பதே என் தயக்கம்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒருவர் 500 ரூபாய் ஆயுள் சந்தா கட்டியிருந்தால், அன்றைய 12 விழுக்காட்டு வட்டிக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் வந்தது. அதில் இதழை அச்சிட்டு அஞ்சலிலும் அனுப்ப முடிந்தது. இன்று 7 விழுக்காடு என்று வைத்தால் 35 ரூபாய்தான். ஓர் இதழுக்குக்கூடப் போதாது. அதாவது, அன்று ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சங்கம் ஆண்டுதோறும் கைப்பணம் போட்டுக்கொண்டிருக்கிறது. வட்டிக் கணக்கில் பேர்போன ஊர்க்காரர்களாகிய நாம், ஐந்தொகையை (இருப்புநிலைக் குறிப்பை)ப் பார்த்தும் இதைப் பேசாமல் இருப்பது வியப்புதான். இதழை மின்னிதழாக்குவதா, ஆயுள் சந்தாவை நிறுத்துவதா, ஆண்டு நன்கொடை கேட்பதா என்பதைத் துணைவிதி சொல்லாது. நோக்கம் என்ன என்று மட்டுமே அது சொல்லும்.

மேலும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஒரு குழு தொடங்கியதை அடுத்த குழு தொடர வேண்டுமானால் எங்காவது எழுதியிருக்க வேண்டும். வரிவிலக்குப் பெற்ற சங்கம் தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டே நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும் என்பதும், அதை மீறிச் சேர்த்துவைக்க, இன்னதற்காக என்று குறிப்பிட்டு ஐந்தாண்டுக்குள் செலவிடுவதாக வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. நீங்கள் கட்டடத்துக்காகப் பணம் சேர்க்கிறீர்கள் என்றால், திட்டம் ஏற்கெனவே படிவத்தில் எழுதப்பட்டாயிற்று. உறுப்பினர்களிடம் காட்டத்தான் மறந்துவிட்டீர்கள்.

பதில் 3: கோட்டையூர் ஆய்வு மாணவி

ஐயா இருவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ரோஜா முத்தையா அவர்கள் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியதால் காப்பாற்றப்பட்டன. இன்று அவற்றைப் படிக்க, அவர் பெயரில் சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு நான் போகிறேன். அங்கே அவை நல்ல நிலையில் இருப்பதில் மகிழ்ச்சியே. ஆனால், அத்தகைய தொகுப்பு ஒன்றை ஏற்றுக் காக்கும் ஏற்பாட்டோடு ஒரு சங்கம் இவ்வட்டாரத்தில் இருந்திருந்தால் என்ற எண்ணம் ஒவ்வொரு முறை பேருந்தில் ஏறும்போதும் வருகிறது.

அறிஞர்கள் நிறைந்திருந்தால் போதும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1964இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தில் இல்லாத அறிஞர்களா? அதன் மாநாடுகள் 1966, 1968, 1970 என்று இரண்டாண்டுக்கு ஒன்றாகக் கூடின. 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது மாநாடு நடந்தபின் ஒன்பதாவதுக்கு 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, செயலாளர் ஐயாவுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பெரிய அறிக்கை வேண்டாம், எதைச் செய்யமாட்டோம் என்பதை மட்டுமாவது எழுதுங்கள். பேரேடுகளை வாங்கினால் கரையானிடமிருந்து காக்க இடம், அட்டவணைப்படுத்த ஆள், படியெடுக்கப் பணம் ஆகிய மூன்றும் வேண்டும். இல்லையென்றால் மூலத்தைக் குடும்பத்தாரிடமே விட்டு, மின்படி மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று கூட்டங்களிலும் நீங்கள் விவாதித்தது அந்தப் பேரேடுகளைப் பற்றியன்று, சங்கம் ஆவணக் காப்பகமா அன்றா என்பதைப் பற்றி என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரைக்குடிச் செயலாளர்:

மூவருக்கும் நன்றி. கடைசி வரி சுட்டது, உண்மையும் அதுவே. அடுத்த பொதுக்குழுவில் ஒரே பக்கம் வைக்கப்போகிறேன்: மூலங்களை வாங்குவதில்லை, மின்படி எடுப்போம், புதிய ஆயுள் சந்தா இல்லை, இதழ் ஆண்டுக்கு ஒன்று. தணிக்கையாளர் ஐயா, இதற்குச் சாதாரணத் தீர்மானம் போதுமா, அல்லது ஆயுள் சந்தா துணைவிதியில் இருப்பதால், கூடுதல் பெரும்பான்மையோடு நிறைவேற்றும் சிறப்புத் தீர்மானம் வேண்டுமா?

தேவகோட்டைத் தணிக்கையாளர்:

சந்தா வகை துணைவிதியில் இருந்தால் அதற்கு மட்டும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடமும் தாக்கல் செய்யுங்கள். ஏனையவற்றுக்குச் சாதாரணத் தீர்மானம் போதும். அறிவிப்புக் கடிதத்தில் அந்த ஒரு பக்கத்தையும் இணைத்து அனுப்பிவிடுங்கள்.