பாக்தாத் விடுதலைச் சின்னத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

கல்தச்சன்: பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் சிற்பி ஜவாத் சலீம் செய்த 'நஸ்புல் ஹுர்ரியா'வின் (விடுதலைச் சின்னம்) முழுப்படம் பார்த்தேன். இடது ஓரத்தில் தொழிலாளி, காளை, உழவர்கள். நடுவில் சிறைக் கம்பியை உடைக்கும் படைவீரன். அதைத் தாண்டினால் அழுகிற பெண், தியாகியின் தாய், கடைசியில் குதிரை. ஈராக்கின் மன்னராட்சியைக் கவிழ்த்த 1958 புரட்சியைக் கொண்டாடும் சின்னம் ஏன் அழுகையில் முடிகிறது? புரட்சித் தலைவர் காசிம் கட்டச் சொன்ன சின்னத்தை, 1963-இல் அவரைக் கொன்றவர்கள் ஏன் இடிக்கவில்லை?

மைக்கூடு: முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அரபி எழுத்துபோல வலமிருந்து இடமாகப் பாருங்கள். குதிரையும் பதாகை ஏந்தியவர்களும் எழுச்சி. அப்புறம் துக்கம், சிறை. நடுவில் படைவீரன், அதாவது புரட்சி நாளான ஜூலை 14. அவனுக்கு இடப்புறம் விடுதலை, அமைதி, தைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் பெண் வடிவில், கடைசியில் வேளாண்மையும் தொழிலும். படம் இடவலம் மாறியிருந்தாலும் இதே குழப்பம் வரும். குதிரை வலது ஓரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மொத்தம் 14 வெண்கலத் தொகுதிகள், 25 மனித உருவங்கள். பலகை 50 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், தரையிலிருந்து 6 மீட்டர் மேலே. கட்டடக்கலைஞர் ரிஃபாத் சாதிர்ஜி அதை ஊர்வலத்தில் தூக்கிப் பிடித்த பதாகையாக நினைத்து வடிவமைத்தார். வெண்கலம் வார்த்தது இத்தாலியின் ஃபுளோரன்சில். திறப்பைப் பார்க்க சலீம் இல்லை. 1961 ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார்.

புடைப்புச் சிற்ப வரிசை பழங்கால ஈராக்கின் அசீரியச் சுவர்களை நினைவூட்டுவது தற்செயல் அல்ல. தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர் சலீம். 1951-இல் ஓவியர் ஷாகிர் ஹசனோடு தொடங்கிய பாக்தாத் நவீன ஓவியக் குழுவின் கொள்கையே, நவீன பாணிக்கான ஊற்றை மரபில் தேடுவதுதான்.

ஓரக்குறிப்பு: இரண்டாவது கேள்விக்கு: அதில் காசிமின் முகம் இல்லை. சேர்க்கச் சொல்லி நெருக்கினார்கள் என்று பரவலாகச் சொல்வதுண்டு. முகம் இருந்திருந்தால் 1963 பிப்ரவரியிலேயே உளி பாய்ந்திருக்கும்.

மைக்கூடு: அது மட்டும் போதாது. ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் சாதிர்ஜி கட்டிய பெயரறியா வீரர் சின்னம் வெறும் வளைவு. யார் முகமும் கிடையாது. 1982-இல் இடித்தார்கள். சதாம் ஆட்சி அதே பெயரில் தனக்கென்று இன்னொன்று கட்டிக்கொண்டது, பழையது வேண்டாததாகிவிட்டது. பிற்பாடு பழையது இருந்த இடத்தில் நின்ற சதாம் சிலை 2003 ஏப்ரல் 9 அன்று விழுந்தது. சலீமின் பலகையில் காசிமும் இல்லை, கட்சியும் இல்லை. தாய், உழவன், கைதி. வந்தவர்கள் எல்லோரும் 'இது எங்கள் மக்கள்' என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது என்பது என் கணிப்பு.

ஓரக்குறிப்பு: ஏற்கிறேன். ஆனால் அந்த வசதி ஆட்சியாளர்களுக்கு மட்டும் இல்லையே. 2019 அக்டோபரில் இளைஞர்கள் அரசுக்கு எதிராகக் கூடியது இந்தப் பலகையின் அடியில்தான். பக்கத்துச் சுரங்கப்பாதைச் சுவர் முழுக்க அவர்கள் வரைந்த ஓவியங்கள்.

கல்தச்சன்: குதிரையிலிருந்து மறுபடி பார்த்தேன். நடு வீரனுக்கு முன்னால் உருவங்கள் நெருக்கியடித்து நிற்பதும், அவனைத் தாண்டியதும் மூச்சு விடுவதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது.