கோடைக் கூத்தும் கட்டுசோறும்: மறக்க முடியாத ஓர் இரவு

வேலூர்ப் பக்கத்துக் கோடைத் தெருக்கூத்தில் மறக்க முடியாத இரவு எது என்ற கேள்விக்கு வாசகர்கள் எழுதியவை.

கழனிக்காட்டான்

செய்யாறு பக்கம் என் மாமியார் ஊர். சித்திரைக் கடைசி, கர்ண மோட்சம் கூத்து. அறுப்பு முடிந்த கழனியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். தூக்குவாளியில் புளிச்சோறு, எண்ணெயில் வதக்கிய முள்ளுக் கத்திரிக்காய்.

இரவு இரண்டு மணிக்கு, கட்டியங்காரன் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, கர்ணன் எங்கள் பாய் ஓரமாக வந்து நின்றார். கிரீடமும் புஜகீர்த்தியும் அப்படியே இருந்தன. அரிதாரம் வியர்வையில் கழுத்துவரை வழிந்திருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். என் மகன், ஆறு வயது, "தாத்தா, சோறு சாப்பிடுகிறீர்களா?" என்றான். அவர் குனிந்து, "செத்த பிறகுதான் சாப்பிடுவேன் கண்ணு. எடுத்து வை" என்று சொல்லிவிட்டு, மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போய்விட்டார்.

இலையில் ஒரு பங்கு மடித்து வைத்தோம். பிறகு எல்லோரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. கூத்துக்காரர்களின் வேன் போய்விட்டிருந்தது. மடித்த இலை மடித்தபடியே கிடந்தது. "தாத்தா வந்து பார்த்திருப்பாரா?" என்று பையன் இன்னும் கேட்கிறான்.

ஆரணி மாமா

சோற்றுக்காக வருந்த வேண்டாம். கூத்துக்காரர்களுக்கு ஊரில் சாப்பாடு போடாமல் அனுப்ப மாட்டார்கள். நீங்கள் வருந்த வேண்டியது தூங்கியதற்கு. கர்ணன் தன் புண்ணியத்தையெல்லாம் தாரை வார்த்துக் கொடுக்கும் இடத்தில் தூங்கினால் வேறு எதற்காகப் போனீர்கள்?

நான் சிறுவனாக இருந்தபோது அந்த இடத்தில் ஹார்மோனியம் நின்று, சின்ன நாகசுரம் போன்ற முகவீணை மட்டும் தனியாக அழுதது. பக்கத்தில் இருந்த கிழவர் மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் எங்கள் தெருவிலேயே முரட்டு மனிதர். இன்றைக்கு ஒலிபெருக்கி போடும் சத்தத்தில் முகவீணை காதில் விழுவதே இல்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

காட்பாடி அக்கா

அண்ணா, பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர்களைத் தூங்காதே என்று எப்படிச் சொல்வீர்கள்? மணலில் படுத்து, பாட்டு காதில் விழ விழத் தூங்குவதும் கூத்துப் பார்ப்பதுதான்.

என்னுடையது அர்ச்சுனன் தபசு. வெயில் தாழ்ந்த நேரம். படிக்கு ஒரு பாட்டாகப் பாடி அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டார். கீழே பிள்ளை வேண்டி நின்ற பெண்கள் முந்தானையை ஏந்தியிருந்தார்கள். என் நாத்தனாரும் நின்றாள், கல்யாணமாகி ஒன்பது வருடம். மேலிருந்து வில்வமும் விபூதியும் கொட்டின. ஒரே ஒரு எலுமிச்சம்பழம் நேராக அவள் மடியில் விழுந்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண் அந்தப் பழத்தையே பார்த்தாள். நாத்தனார் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு வந்து, எங்களோடு உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டாள். ஏன் கொடுத்தாய் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பாலாற்றுவாசி

முதலில் ஒன்று. செய்யாறு வேலூரில் சேராது என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1989-ல் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், கூத்தைப் பிரிக்கவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் தரை நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். பாய்க்குக் கீழே கோணிச் சாக்கு போடுங்கள். தேங்காய் சேர்த்த எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், விடிவதற்குள் ஊசிவிடும். புளிச்சோறு தாங்கும். தண்ணீர் இரண்டு பங்கு வேண்டும். அறுத்த கழனியில் தேள் இருக்கும், டார்ச் இல்லாமல் குழந்தையை இறக்கிவிடக் கூடாது. ஒலிபெருக்கிக்கு நேரே உட்காராதீர்கள். பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தால் ஆரணிக்காரர் தேடும் முகவீணை நன்றாகவே கேட்கும். திரைக்குப் பின்னால் வேடக்காரர் விருத்தம் பாடும்போது செல்போன் விளக்கை அடிக்காதீர்கள். அந்தத் திரை விலகும் நொடிக்காகத்தான் அவர் மணிக்கணக்கில் முகம் எழுதியிருக்கிறார். பதினெட்டாம் போர் என்றால் காலைப் படுகளம்வரை இருங்கள். மண்ணில் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் அடிப்பதையும் திரௌபதி கூந்தல் முடிப்பதையும் பார்க்காமல் கிளம்பினால் பாதியில் எழுந்து போனதாகத்தான் அர்த்தம்.

என் கதை சிறியது. போன வருடம் படுகளத்தில், கூந்தல் முடித்த திரௌபதி வேடக்காரர் அப்படியே மயங்கி என் மேல் சாய்ந்தார். முகத்தில் மீசை முளைத்திருந்தது. என் அம்மாவோ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

கழனிக்காட்டான்

ஆரணி மாமா சொன்னது உறைத்தது. இந்தச் சித்திரையில் அதே ஊரில் மறுபடியும் கர்ண மோட்சம். கர்ணன் வேடம் யாருக்கு என்று மைத்துனரிடம் கேட்டேன். "பெரியவர் இப்போது ஆடுவதில்லை, மகன் கட்டுகிறான்" என்றார். பெரியவர் தாளம் போட வருவாராம். இலை எடுத்து வைத்திருக்கிறேன்.