புதுப்பிப்பு: 1000 கெஜத்தில் காற்று, எந்தக் கொடியைப் பார்ப்பது?

இங்கிலாந்தின் பிஸ்லியில், ஸ்டிக்கிள்டவுன் துப்பாக்கி சுடும் தளத்தில் 1000 கெஜம் (914 மீட்டர்) தள்ளியிருக்கும் இலக்கைச் சுடுவது பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்றில் 7.62 மி.மீ. குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும் என்பதோடு நிறுத்தியிருந்தேன். காற்று சாய்வாக வந்தால் என்ன, காற்றைக் காட்டத் தளத்தில் நட்டிருக்கும் அத்தனை கொடிகளில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலாவது சுலபம். சுடும் திசையிலிருந்து 30 டிகிரிச் சாய்வில் வந்தால் முழுப் பக்கக் காற்றில் ஆகும் விலகலில் பாதி, 45-இல் பத்தில் ஏழு பங்கு. நேர் எதிர்க்காற்றுதான் ஏமாற்றுக்காரன். கொடி லேசாகப் புரண்டாலே வலப்பக்கத் திருத்தம் இடப்பக்கமாகிவிடும்.

இரண்டாவது, காற்று எங்கும் ஒரே மாதிரி என்றால் நம் பக்கத்துக் கொடிக்கே மதிப்பு அதிகம். ஆரம்பத்தில் திசை மாறிய குண்டு மிச்ச தூரம் முழுக்க விலகிக்கொண்டே போகும். ஆனால் கொடித் துணி கனமானது, காற்று தணிந்ததைத் தாமதமாகத்தான் சொல்லும்.

அப்புறம் கானல், அதாவது சூட்டில் காற்று அலை அலையாக நெளிவது. தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்தால் அந்த அலை காற்றோடு ஓடுவது தெரியும். ஓடாமல் மேல்நோக்கிக் கொதித்தால் அங்கே குறுக்குக் காற்று இல்லை. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நான் அப்போது சுடமாட்டேன். அடுத்து எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. மேகம் மூடினால் கானலும் போச்சு, மறுபடி கொடிதான்.